பாடக் கட்டிலில் படுத்தவளுக்கு

என் ஜெயம் அக்காவுக்கு,

ஐந்தே ஐந்து மாதம் மூத்தவள் நீ. அதற்காக இத்தனை வருஷமும் உன்னை அக்கா என்று கூப்பிட வைத்தாய். ஹாஸ்டலில் குளிக்க முதல் முறை உனக்கு, ஜன்னலோரக் கட்டில் உனக்கு, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் எலும்பு உனக்கு. எதைக் கேட்டாலும் "மூத்தவ நானு" என்பாய். இதிலும் முந்திக்கொள்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

இன்று காலை சலவைக்காரர் மூட்டையை அவிழ்த்தபோது உன் தொப்பிகளும் வந்தன, கஞ்சி போட்டு மொடமொடவென்று. அவருக்கு விஷயம் தெரியாது. "பெரிய சிஸ்டரு இன்னும் ஊர்லேர்ந்து வரலியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லித் தொப்பிகளை வாங்கிக்கொண்டேன். அவர் படியிறங்கிப் போன பிறகு தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரி மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம். பிறப்பு, படிப்பு, பணி, மறைவு என்று நாலு பத்தி எழுதினால் போதும் என்றார் பிரின்ஸிபல். மூன்று பத்தி எழுதினேன். நாலாவதுக்குக் கை போகவில்லை. ஒரு மாதம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் அது செய்தியாகவே மாறவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. நீ தென்னேரிக்காரி, கூலி வேலை செய்யும் கிறிஸ்தவக் குடும்பத்தின் மூத்த பெண். நான் மெட்ராஸ்காரி. ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தோம். சர்வகலாசாலை நர்ஸுகளுக்கும் பட்டப்படிப்பு என்று அறிவித்தபோது இரண்டு பேரும் மனுப் போட்டோம். பட்டம் வாங்கி, அதே கல்லூரியில் ஆசிரியைகளாகவும் ஆனோம். "பெட்பேன் எடுக்கறதுக்கு டிகிரியா?" என்று ஒரு டாக்டர் கேட்டபோது, "டிகிரி இல்லாம எடுத்தா நாத்தம் கொறையுமா டாக்டர்?" என்று கேட்டவள் நீ. அவர் அன்றிலிருந்து உன்னைக் கண்டால் வேறு வராந்தாவில் போவார்.

உன் வகுப்புக்கு மாணவிகள் பயந்து சாவார்கள். அதே சமயம் உன் வகுப்புக்குத்தான் ஓடியும் வருவார்கள். காரணம் அந்த நோயாளி வேஷம்.

வகுப்பு ஓரத்தில் ஒரு கட்டில் இருக்கும். நாலு மூலையும் மடித்து, சுருக்கம் இல்லாமல் விரித்து, தலையணை உறையின் வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி போட்டது. டெமான்ஸ்ட்ரேஷன் பெட் என்பது அதன் பெயர். நாம் பாடக் கட்டில் என்போம். அதில் யாரும் உட்காரக்கூடாது, துண்டு போடக்கூடாது, தூங்கவே கூடாது. நீ ஒருத்திதான் அதில் படுப்பாய், பாடத்துக்காக. நீ படுத்துவிட்டால் வகுப்பு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முன்னால் சொல்லமாட்டாய். "நோயாளி மணியடிச்சிட்டா வர்றான்?" என்பாய்.

ஒருநாள் மூச்சிரைக்கும் கிழவி, ஒருநாள் பிரசவ வலிக்காரி, போன முறை சாராயம் குடித்து வயிறு வெந்தவன். அப்போது நாக்குக் குழறி நீ பேசியதைக் கேட்டு நானே வாசலில் நின்று சிரித்தேன். மாணவி பிலோமினாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"சிஸ்டர், இது பாடந்தானே? இல்ல நெசமாவே வயிறு வலிக்குதா?"

"இன்னாம்மா பாடம்? வயிறு எரியுது, நெசமாத்தான் சொல்றேன், நெசமாத்தான்" என்று நீ புரண்டாய். அவள் தட்டைக் கீழே போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். திரும்பி வந்தபோது நீ எழுந்து உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாய். அவளுக்குச் சைபர் போட்டாய். "நாடி பாக்காம, மூச்சு எண்ணாம, டாக்டர் கிட்ட இன்னா சொல்லுவ? அய்யோ அம்மான்னா? நோயாளி நெசம்னு கத்தினாலும் நீ உன் வேலைய வரிசையா செய்." எல்லாப் பெண்களும் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். நீ சொன்னால் அப்படித்தானே.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

பன்னிரண்டு பெண்களோடு கிராமப் பயிற்சிக்கு உத்திரமேரூருக்குப் போனது உன் யோசனை. பட்டப்படிப்பு நர்ஸ் கிராமத்தைப் பார்க்காமல் பட்டம் வாங்கக்கூடாது என்று கவுன்சிலில் சண்டை போட்டு வாங்கினாய். தங்க இடம் கிடைக்கவில்லை. நெல் வியாபாரி காசிம் பாய் சுகாதார நிலையத்துக்கு அடுத்த தன் நெல் கிடங்கில் பாதியைக் காலி செய்து கொடுத்தார், வாடகை வேண்டாம் என்றார். மறு பாதியில் மூட்டைகள் அப்படியே இருந்தன. நீளமான அந்த ஒரே கூடத்தில் கட்டில்களை வரிசையாகப் போட்டோம். கடைசியில் பாடக் கட்டில்.

மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி மதகில் தண்ணீர் சத்தம் கேட்டபடியே இருந்தது. மூட்டைப் பக்கம் எலி ஓடும், பெண்கள் கத்துவார்கள், நீ திட்டுவாய். அந்த வாரம் பிலோமினாவின் கட்டில் கயிறு அறுந்துபோனது, அவளுக்குக் காய்ச்சலும் வந்தது. உன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பாயை விரித்துத் தரையில் படுத்தாய்.

பாடக் கட்டில் ஒரு கை தூரத்தில் காலியாக இருந்தது, அக்கா. மூலை மடிப்புக் கலையாமல், வெள்ளையாக. நீ தரையில்.

யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன். "ஏறிப் படுத்தா யாரு பாக்கப்போறா?" என்றேன். "நானே படுத்தா நாளைக்கி அவளுங்க மெத்தயில உக்காந்து நாஷ்டா துன்னுவாளுங்க" என்றாய். உன் சட்டத்தில் உனக்கே விலக்கு இல்லை.

மறுநாள் காலையில் பஸ்ஸில் அம்மை குத்துவதற்கான அம்மைப்பால் வருகிறது, ஐஸ் கரைவதற்குள் வாங்கவேண்டும் என்று நான் சீக்கிரம் கிளம்பினேன். நீ பாயில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாய். "வயிறு ஒரு மாதிரி கீது சரசு. நேத்து அந்த மொச்சக்கொட்டை." சுக்குக் கஷாயம் போட்டுக் குடி என்றேன். தலையாட்டினாய். நீ எனக்குச் சொன்ன கடைசி முழு வாக்கியம் மொச்சைக்கொட்டையைப் பற்றியது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அதற்கப்புறம் நடந்ததைப் பெண்கள்தான் சொன்னார்கள். ஒருத்தி சொன்னதில் விட்டுப்போனதை இன்னொருத்தி சொன்னாள். சொல்லும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

நீ எழுந்து நடந்தாயாம். கால் தடுமாறி, கைக்குக் கிடைத்த கட்டிலில் விழுந்தாயாம். கைக்குக் கிடைத்தது பாடக் கட்டில். தலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். பெரிய சிஸ்டர் படுத்துவிட்டார், வகுப்பு ஆரம்பித்துவிட்டது. அவசரமாகப் பின்னலை முடித்துத் தொப்பியைக் குத்திக்கொண்டு சுற்றி வந்து நின்றார்கள். அன்றைக்கு நர்ஸ் முறை கன்னியம்மாவுக்கு.

கன்னியம்மா யார் என்று படிப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். உத்திரமேரூர் ஏரிக்கு அந்தப்பக்கம் ஒரு சேரியில் பிறந்தவள். அப்பா இல்லை, அம்மா பச்சையம்மா நாற்று நடுபவள். அந்தப் பக்கத்தில் கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள்தான். பயிற்சிக்குச் சொந்த ஊருக்கே வந்திருக்கிறோம் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை. வெள்ளை உடுப்போடு அவள் வரப்பில் நடந்தால் நடவுக்காரிகள் நிமிர்ந்து பார்ப்பார்கள், நீ குறும்பாக என்னை இடிப்பாய்.

அவள் தட்டோடு வந்து, "இன்னா ஆயா செய்யுது?" என்றாள், வழக்கம்போல. நீ குழறினாய். என்ன சொல்கிறாய் என்று குனிந்து கேட்டாள்.

"நெசம்... நெசமாத்தான்" என்றாயாம்.

எல்லோரும் சிரித்தார்கள். அதே குழறல், அதே வார்த்தை, போன வாரம் பார்த்த அதே சாராயக்காரன். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று பிலோமினா காய்ச்சலோடு எழுந்து வந்து நின்றாள். "சரி ஆயா, டாக்டரு வருவாரு, கையக் குடு" என்றாள் கன்னியம்மா.

நாடி பார்த்தார்கள். மூச்சு எண்ணினார்கள். சூடு பார்த்தார்கள். திரை போட்டார்கள். உன் இமை தொங்கியதை, "கண்ணைத் திறக்கவில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை" என்று ஒருத்தி சரியாகச் சொன்னாள். வெந்நீர் பை கொண்டுவந்து, துணி சுற்றி, முழங்கையில் வைத்துச் சூடு சோதித்துவிட்டு வைத்தார்கள். ஒன்றையும் விடவில்லை, அக்கா. நீ சொல்லிக்கொடுத்த வரிசையில் ஒரு தப்பும் இல்லை. நாம் நினைத்தபடி, நாம் ஆசைப்பட்டபடி செய்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கட்டுவிரியன் கடித்தால் உடம்பு ஒவ்வொன்றாக அடங்கும், கண் மூடும், வாய் அடங்கும், ஆனால் காது கேட்கும், புத்தி இருக்கும் என்று பிறகு செங்கல்பட்டு டாக்டர் சொன்னார். அப்படியானால் நீ கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாயா? அவர்கள் சிரித்தது உனக்குக் கேட்டதா? கன்னியம்மா நாடி எண்ணியது சரியா என்று மனசுக்குள் நீயும் எண்ணினாயா? உன்னைத் தெரிந்த எனக்கு, எண்ணியிருப்பாய் என்றுதான் தோன்றுகிறது. இதை நினைக்கும்போது நான் அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன், எங்கே போகிறேன் என்று தெரியாமல்.

அப்புறம் நான் சுகாதார நிலையத்தில் ஐஸ் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது கன்னியம்மா ஓடி வந்தாள். காலில் செருப்பு இல்லை, தொப்பி காதில் தொங்கியது.

"சிஸ்டர், ஓடியாங்க. பெரிய சிஸ்டருக்கு எச்சி வடிஞ்சிக்கினே கீது. தலகாணி ஒறை முச்சூடும் நனைஞ்சிபோச்சி, அவுங்க தொடைக்கவே இல்ல. பாடம்னா அவுங்க ஒறைய அழுக்காக்க வுடமாட்டாங்க சிஸ்டர். இது பாடம் இல்ல."

பாம்பு என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தலையணை உறை நனைந்ததை வைத்து அவள் கண்டுபிடித்தாள். உலகத்தில் வேறு எந்த நர்ஸும் அந்தத் துப்பை வைத்து ஓடி வந்திருக்க மாட்டாள். உன்னிடம் படித்தவள்தான் வருவாள்.

வண்டி கிடைக்கவில்லை. காசிம் பாயின் நெல் லாரி நின்றது. மூட்டைகளை அப்படியே சேற்றில் தள்ளினார்கள், அவரும் சேர்ந்து தள்ளினார். பெண்களும் ஏறிக்கொள்ள, லாரியின் பலகையில் உன்னைப் படுக்க வைத்து உன் விரலைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதாக்கா? கேட்டா அழுத்து" என்றேன். அழுத்தினாய். மறுபடி கேட்டேன், அழுத்தினாய். பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்டபோது விரல் சும்மா இருந்தது.

மூச்சு நிற்கிறது என்று கத்தினது கன்னியம்மா. உன்னைக் குப்புறத் திருப்பி, முதுகை அழுத்திக் கையைத் தூக்கும் அந்தச் செயற்கை மூச்சை அவள் ஆரம்பித்தாள். அவள் ஓய்ந்ததும் பிலோமினா, அவள் ஓய்ந்ததும் இன்னொருத்தி. லாரி குழியில் விழும்போதெல்லாம் எண்ணிக்கை தப்பும், மறுபடி சேர்ந்து எண்ணுவார்கள். ஒருத்தியும் அழவில்லை. அழுதால் எண்ணிக்கை போய்விடும் என்று நீதானே சொல்லியிருந்தாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உனக்கு நாடி இருந்தது.

காதுக்குப் பின்னால் முடிக்குள் இரண்டு புள்ளிகளை டாக்டர் காட்டினார், ராத்திரி தரையில் தூங்கும்போதே கடித்திருக்கிறது என்றார். கொசு கடித்த மாதிரிதான் இருந்தது. அவர் ஊசி போட்டார், என்னென்னவோ செய்தார். பகல் சாப்பாட்டு நேரம் ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "இந்த நிலையில இவ்வளவு தூரம் கொண்டாந்ததே பெரிசு" என்றார். எனக்கு அவர் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று புரியவில்லை. அம்மைப்பாலை ஐஸில் வைக்காமல் வந்துவிட்டோமே, அக்கா திட்டுவாளே என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

தென்னேரியில் உன்னை அடக்கம் செய்த அன்று உன் அம்மா அழவில்லை. பெண்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தாள். என்னிடம் வந்து, "இத்தினி நர்சுங்களும் சுத்தி நின்னாங்களா? நின்னுக்கினு இன்னாம்மா பண்ணீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் வராது.

காசிம் பாய் கிடங்கு முழுக்க மூட்டைகளை நகர்த்திப் பார்த்தார். அடியில் அந்தப் பாம்பு, கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டு ஒரு முழம் இருந்ததாம். "என் எடத்துல வெச்சி ஆயிப்போச்சே தாயி" என்று சொல்லிச் சொல்லிப் பாவம், மனுஷர் பேஜாராகிப் படுத்துவிட்டார்.

கல்லூரி அதற்குள் விசாரணைக் கமிட்டி போட்டது. செய்தி எப்படியோ உருமாறி, நர்ஸ் மாணவிகள் பாடம் என்று நினைத்து ஆசிரியையைச் சாகவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பரவியிருந்தது. கிராமப் பயிற்சியை நிறுத்தவேண்டும், நோயாளி வேஷத்தைத் தடை செய்யவேண்டும், அன்று நர்ஸ் முறையில் இருந்தவளைப் படிப்பிலிருந்து நீக்கவேண்டும் என்று பேச்சு. முதலிரண்டுக்கும் நான் சண்டை போடத் தயாராக இருந்தேன். மூன்றாவதைக் கேட்டதும் ஹாஸ்டலுக்கு ஓடினேன். கன்னியம்மா அதற்கு முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினேன். பஸ் அந்தக் கிடங்கைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அவள் வீட்டில் இல்லை. சேற்றில் அம்மாவோடு குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்கிற மாதிரி, கையில் நாற்றோடு.

பச்சையம்மாதான் முதலில் பேசினாள். "வாணாம் சிஸ்டரு. படிச்சதெல்லாம் போதும். நாத்து நட்டு யாரும் சாவல."

"நீங்க சும்மா இருங்கம்மா" என்றாள் கன்னியம்மா. பிறகு என்னிடம், "அவுங்க நெசம்னாங்க சிஸ்டர். நான் சிரிச்சேன். என் காதுல வுழுந்தும் சிரிச்சேன். இனிமே யாரு கையப் புடிச்சி நான் நாடி பாக்கறது?"

ஆறுதல் சொல்லத்தான் போனேன். எனக்கு வந்தது கோபம். "சிரிக்கச் சொல்லிக் கொடுத்தவ அவதான். நெசம்னு சொல்லி உங்களைப் போன வாரம் ஏமாத்தினவ அவ. ஏமாந்தவளுக்குச் சைபர் போட்டவ அவ. அவ மேல கோபப்படு. நான் படறேன். ராத்திரி பகலா படறேன்" என்றேன். அவள் வாயைத் திறந்து என்னைப் பார்த்தாள். உன்னைப் பற்றி யாரும் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

"வியாழக்கிழமை கமிட்டி. நீ வராட்டி, வராதவ மேல பழியைப் போட்டுட்டுக் காப்பி குடிக்க எழுந்து போயிடுவாங்க. அவ ஓடியாடி உண்டாக்கின பயிற்சியும் அதோட போயிடும். உனக்கு இஷ்டமிருந்தா நட்டுக்கிட்டே இரு."

பச்சையம்மா மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் மகள் கையிலிருந்த நாற்று முடியை வாங்கிக்கொண்டாள். "போய்ட்டு வா. அவுங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லிட்டு வா. தலய மட்டும் குனியாதே" என்றாள்.

கமிட்டியில் மூன்று பேர். நம் பிரின்ஸிபல், சர்வகலாசாலையிலிருந்து ஒரு அம்மாள், மருத்துவப் பேராசிரியர் ஒருவர். பேராசிரியருக்கு நர்ஸ் படிப்பு பல்கலைக்கழகத்துக்குள் வந்ததே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நர்ஸிங் சொல்லிக்கொடுக்கிறீர்களா, நாடகம் சொல்லிக்கொடுக்கிறீர்களா?" என்று என்னைக் கேட்டார். நாடகம் நடத்திய பெண்கள்தான் மூச்சுக் கொடுத்துச் செங்கல்பட்டு வரை அவளை உயிரோடு கொண்டுவந்தார்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பிரின்ஸிபல் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

கன்னியம்மாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "தலையணை நனைந்ததை நீ பார்க்காமல் இருந்திருந்தால்?"

அவள் தலையைக் குனியவில்லை. "இன்னும் நாடிதான் சார் எண்ணிக்கினு இருந்திருப்போம்" என்றாள்.

பேராசிரியர் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். பொய் சொல்லி நழுவப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்திருப்பார். "இனிமேல் என்ன செய்வாய்?" என்று வேறு குரலில் கேட்டார்.

"கட்டில்ல படுக்கறவுங்க எல்லாத்தயும் நடிக்கலாம் சார். நெசம்னு சொல்றத மட்டும் நடிக்கக்கூடாது. அந்தப் பேச்சு வந்தா பாடம் முடிஞ்சிபோச்சின்னு வெச்சிக்கணும். பொய்யா அத யாரும் சொல்லவே கூடாது."

அவளை நீக்கவில்லை, அக்கா. பயிற்சியையும் நிறுத்தவில்லை. அவள் சொன்னதையே விதியாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார் பிரின்ஸிபல். அதற்குக் கீழே நான் ஒன்று சேர்த்தேன்: ஒருத்தி தரையில் படுத்திருக்கும்போது எந்தக் கட்டிலும் காலியாக இருக்கக்கூடாது, பாடக் கட்டிலும்தான். நீ இருந்தால் முகத்தைச் சுளித்திருப்பாய். சுளித்துக்கொள்.

நேற்று கல்லூரியில் நீ இல்லாத முதல் வகுப்பு. நோயாளியாக யார் படுப்பது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடக் கட்டிலில் ஏறிப் படுத்தேன். இத்தனை வருஷத்தில் அதில் நான் படுத்ததே இல்லை. மெத்தை நடுவில் உன் உயரத்துக்கு லேசாகப் பள்ளம் இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் என்று நடிப்பதாக ஏற்பாடு.

கன்னியம்மாதான் நர்ஸ், அவளே கேட்டு வாங்கிக்கொண்ட முறை. பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல் சில்லென்று இருந்தது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"சிஸ்டர், பாடமா? நெசமா?"

பாடம் என்று சொல்ல வாயெடுத்தேன். தலைக்கு மேல் நீ பார்த்துக்கொண்டே படுத்திருந்த அதே கூரை. பன்னிரண்டு முகம். எனக்கு நெஞ்சு அடைத்தது, மூச்சு வாங்கியது, கண்ணிலிருந்து கொட்டியது, துடைக்கக் கை எழவில்லை. உறை நனைந்துகொண்டே போனது. அந்த வார்த்தையைப் பொய்யாகச் சொல்லக்கூடாது. பொய்யாகச் சொல்லவில்லை.

"நெசம் கன்னியம்மா" என்றேன்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒருத்தியும் என்ன ஏது என்று கேட்டு நிற்கவில்லை. கன்னியம்மா என் கையை விடாமல் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினாள். ஒருத்தி ஜன்னலைத் திறந்தாள், ஒருத்தி தலையைத் தூக்கினாள். பிலோமினா தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள், வராந்தா முழுக்க அவள் செருப்புச் சத்தம் கேட்டது. பிரின்ஸிபல் ஒரு காலில் செருப்போடு வந்து நின்றார். பின்னாலேயே டாக்டரும் வந்து என் நாடியைப் பிடித்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், மார்பில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு, "உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் அழட்டும், விடுங்க" என்றார். அப்போதும் கன்னியம்மா கையை விடவில்லை.

உன் பெண்கள் ஓடினார்கள், அக்கா. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான் எழுந்ததும் கன்னியம்மா உறையை மாற்றினாள், வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம். பிலோமினாவுக்கு முழு மார்க் போட்டேன். உன் பழைய சைபர் அப்படியே இருக்கட்டும், அதை அழிக்க எனக்கு மனசில்லை.

அடுத்த மழைக்கும் உத்திரமேரூருக்குத்தான் போகிறோம். காசிம் பாய் கிடங்கைச் சுண்ணாம்பு அடித்து, மூட்டையெல்லாம் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, எப்போது வருவீர்கள் என்று ஆள் அனுப்பிவிட்டார். போகிற வழியில் தென்னேரியில் இறங்கி உன் அம்மாவைப் பார்ப்பேன், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு இந்தத் தடவை கன்னியம்மாவைப் பதில் சொல்லச் சொல்வேன். நீ விட்ட வகுப்பை நான் எடுக்கிறேன். நான் அந்தக் கட்டிலில் படுக்கும் வரைக்கும் என் வகுப்பில் ஒருத்தி நெசம் என்று சொல்லி, கேட்டவர்கள் சிரிப்பது நடக்காது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தொப்பிகளை என் பெட்டியில் வைத்திருக்கிறேன். கஞ்சி கலையாமல்.

உனக்கு ஐந்து மாதம் இளையவளாகவே இருக்க ஆசைப்பட்டு, இனி ஒவ்வொரு வருஷமும் உன்னைவிட மூத்தவளாகிக்கொண்டே போகப்போகிற
உன் தங்கை
சரசு